நிலவும் தலைவாசலும்: என். கே. ரகுநாதனின் எழுத்தில் வர்க்கமும் வழிபாடும்

ஈழத்துத் தமிழ்ச் சிறுகதையிற் சாதி பற்றிப் பேசப் புகுவோர் எவரும் என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்ற கதையைக் கடந்து செல்வதில்லை. 1950களின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, 1962இல் அதே பெயரிலான தொகுதியில் இடம்பெற்ற சிறிய கதை அது. சமூக முன்னேற்றம் பேசும் ஒரு பெரிய மனிதரின் வீட்டுக்கு ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் சிலர் வருகின்றனர். அவர்களை வீட்டினுள் அழைத்து அமர்த்த அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் விரட்டவும் இல்லை; முகஞ்சுளிக்கவும் இல்லை. வெளியே நல்ல நிலவு, அங்கே இருந்து பேசலாம் என்று அவர்களை அழைத்துச் செல்கிறார். கதையில் நிகழ்வது இவ்வளவே.

வடமராட்சியிற் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றி, முற்போக்கு எழுத்தாளர் அணியில் எழுதி, முதுமையிற் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ரகுநாதன், 2018இல் ரொறன்ரோவிற் காலமானார். அவருடைய எழுத்து யாழ்ப்பாணத்துக் கிராமத்தைப் பற்றியதாக இருக்க, அவருடைய கடைசி வாசகர் வட்டம் ஸ்காபரோவில் இருந்தது. இந்த இடப்பெயர்வு வெறும் வாழ்க்கைக் குறிப்பு அன்று. அவரது கதையை எவ்வாறு வாசிப்பது என்ற வினாவை அது புதிதாக எழுப்புகிறது.

இக்கதை பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அதனைப் போலித்தனத்தின் கதையாகவே காண்கின்றன. மேடையில் ஒன்று, வீட்டில் வேறொன்று. சொல்லுக்கும் செயலுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கதாசிரியர் நயமாகச் சுட்டிக்காட்டுகிறார் என்பது வழக்கமான முடிபு. இம்முடிபு பிழையென்று கூறமுடியாது. ஆனால் அது கதையைச் சிறிதாக்கிவிடுகிறது. போலித்தனம் தனிமனிதக் குறை. அந்தப் பெரிய மனிதர் நேர்மையானவராக இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற ஆறுதலை அது வாசகருக்குத் தந்துவிடுகிறது. கதையோ அத்தகைய ஆறுதல் எதனையும் தரவில்லை.

மறுபுறத்தில், 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் மரபில் வந்த திறனாய்வு, சாதியை நிலவுடைமை உறவின் மேற்றோற்றமாக விளக்கியது. நிலம் யாரிடம், குத்தகை யாருக்கு, கூலி எவ்வளவு என்ற வினாக்களுக்கு விடை கண்டால் சாதியின் மூலம் புலப்படும் என்பது அதன் நம்பிக்கை. க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) உருவான காலத்து விமர்சனச் சூழல் இதுவே. இச்சூழலுக்கு ஈழத்து இலக்கியம் பெரிதும் கடன்பட்டுள்ளது. கூலிவிவசாயியையும் கள்ளிறக்குபவரையும் கதாநாயகராகக் காணும் கண்ணை வாசகருக்குத் தந்தது அதுதான். எனினும் அந்தச் சட்டகத்தினுள் 'நிலவிலே பேசுவோம்' சரியாக அமர மறுக்கிறது. வந்தவர்களை உள்ளே இருத்தியிருந்தால் வீட்டுக்காரர் இழக்கப்போவது என்ன? ஒரு பரப்புக் காணியும் கைமாறப் போவதில்லை. ஒருவரின் கூலியும் உயரப் போவதில்லை. பொருளியல் நோக்கில் அந்தத் தலைவாசலுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. பெறுமதியற்ற அந்த இடத்தை ஏன் அவர் இவ்வளவு சாதுரியமாகக் காக்கிறார் என்பதே கதை எழுப்பும் உண்மையான வினா.

இதற்கான விடை வீட்டின் அமைப்பிலேயே உண்டு. பழைய யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு, தங்குமிடம் மாத்திரமன்று. அது தூய்மையின் படிநிலைகளால் அமைந்தது. படலை, முற்றம், திண்ணை, தலைவாசல், உள்வீடு, அடுக்களை, சுவாமி அறை என்று உள்நோக்கிச் செல்லச் செல்ல அனுமதி குறுகிச் செல்கிறது. இது கோயிலின் ஒழுங்கேயாகும். வெளிவீதி, உள்வீதி, மண்டபம், கருவறை என்ற வரிசையை வீடு தன் அளவிற்குத் திரும்பச் செய்கிறது. எனவே ஒருவரை முற்றத்தோடு நிறுத்துவது, வீட்டாரின் கண்ணில், அவமதிப்பாகத் தோன்றுவதில்லை. அது ஆசாரம். நிலவு அந்த ஆசாரத்தை மரியாதையாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். விருந்தோம்பல் என்று தமிழர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பண்பின் வடிவத்துக்குள்ளேயே விலக்கல் நிகழ முடியும் என்பதை இத்தனை எளிமையாகக் காட்டிய பிறிதொரு ஈழத்துக் கதையைச் சொல்வது கடினம்.

வீட்டுக் கதையின் கோயில் வடிவம் 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்தது. கந்தசுவாமி கோயிலினுள் நுழைய முயன்ற ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுத்து முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம். அவர் ஒக்ஸ்போட்டிற் பயின்றவர். கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1947இல் அமைந்த முதலாவது அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். அக்கோயிலின் உரிமையோ பரம்பரைக் குருமாரிடம் இருந்தது. அதாவது கதவைக் காத்து நின்றவர் கதவுக்குச் சொந்தக்காரர் அல்லர். ஆகம முறையைக் காப்பதாக அவர் சொன்னார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. நவீனக் கல்வி வந்தால் ஆசாரம் தானாகவே தளரும் என்று எண்ணியோருக்கு அவருடைய வாழ்க்கை வரலாறு ஒன்றே போதிய மறுப்பு.

அவருக்குப் பின்னால் நின்றோரும் கவனத்துக்குரியவர்கள். வேளாளர் அனைவரும் நிலப்பிரபுக்கள் அல்லர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனத்தொகையில் மிகப் பெரிய சாதியினர் அவர்களே. அவருட் பலர் சில பரப்புத் தோட்டத்தில் மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் செய்து, கடனில் வாழ்ந்தவர். இடதுசாரிகளின் கணக்கின்படி இவர்கள் ஒடுக்கப்பட்ட தொழிலாளரோடு சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தவர்கள் சிலரே. அமெரிக்கத் தென்மாநிலங்களின் வெள்ளைத் தொழிலாளரைப் பற்றி 1935இல் எழுதிய டு பொய்ஸ், குறைந்த கூலியோடு அவர்களுக்குப் பொதுவெளியில் கிடைத்த மரியாதை ஒருவகைக் கூலியாகத் தொழிற்பட்டது என்று விளக்கினார். யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டாவது கூலியை வழங்கிய நிறுவனம் கோயில். உள்ளே நின்று தேர்வடம் பிடிப்பதும், வெளியே நிற்போரைப் பார்ப்பதும் ஏழை வேளாளனுக்கு வருடந்தோறும் கிடைத்த கொடுப்பனவு.

மாவிட்டபுரத்தைப் பின்னணியாகக் கொண்டு ரகுநாதன் 'கந்தன் கருணை' நாடகத்தை எழுதினார். பின்னர் அம்பலத்தாடிகள் குழுவினர் அதைக் காத்தான்கூத்துப் பாணியில் மேடையேற்றினர். பெயரைக் கவனிக்க வேண்டும். 1967இல் அதே பெயரில் வந்த பக்தித் திரைப்படத்தைப் பார்த்துத் திரும்பிய ஊர் மக்களுக்கு, யாருடைய கந்தன், யாருக்குக் கருணை என்ற வினாவை அத்தலைப்பே எழுப்பியது. மதத்தைப் பொய்யென்று தள்ளிவிட்டுப் போவது அந்நாடகத்தின் வழியன்று. கடவுளையே சாட்சிக்கு அழைப்பது அதன் வழி. மதம் மேற்கட்டுமானம் மட்டுமே என்று கருதிய அணியைச் சேர்ந்த ஒருவர் மதத்தின் மொழியிலேயே போராட வேண்டியிருந்தமை தந்திரோபாயம் என்று விளக்கப்படுவதுண்டு. அதனைத் தந்திரோபாயம் என்று குறுக்குவதைவிட, களத்தில் எது உண்மையில் அதிகாரமாக இருந்தது என்பதை நாடகாசிரியர் கோட்பாட்டாளரைவிடத் தெளிவாக அறிந்திருந்தார் என்று கொள்வதே பொருத்தமாகும்.

பிராயன் பஃபன்பெர்கர் 1982இல் வெளியிட்ட ஆய்வு, யாழ்ப்பாணத்தில் வேளாளர் மேலாதிக்கத்தின் சமய அடித்தளங்களையே தலைப்பாகக் கொண்டிருந்தது. வருணக் கணக்கிற் சூத்திரராகிய ஒரு சாதியினர் பிராமணரைத் தம் கீழ் வைத்துக்கொண்டு சமய முறைமையை நடத்தியமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. அதே வியப்பை உள்ளிருந்து எழுதியவர் தெணியான். அவருடைய 'பொற்சிறையில் வாடும் புனிதர்கள்' (1989) கோயிற் பிராமணரின் வாழ்வைச் சொல்லும் நாவல். சடங்கில் உயர்ந்தவர், வருமானத்தில் தாழ்ந்தவர், கோயில் முதலாளிக்கு முன் கைகட்டி நிற்பவர். ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்த எழுத்தாளர் ஒருவர் ஐயர் வீட்டின் துயரை எழுதினார் என்று அப்போது சிலர் வியந்தனர். வியப்பதற்கு எதுவுமில்லை. சாதியைக் கீழிருந்து பார்த்தவருக்கே அதன் இரு முனைகளும் ஒருசேரத் தெரியும். பொருள்வளமும் தகுதியும் தனித்தனியே நடக்கக்கூடியவை என்பதற்கு அந்நாவலை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. மக்ஸ் வெபர் வர்க்கம் வேறு, தகுதிக்குழு வேறு என்று பிரித்தது வரட்டு வரைவிலக்கணமாகத் தோன்றுவோர் தெணியானை வாசிப்பது நன்று.

சமயம் ஒடுக்குமுறையின் கருவியாக மட்டும் இருந்ததென்று சொல்வதும் பொருந்தாது. வடமராட்சியில் தேவரையாளிப் பாடசாலையை உருவாக்கியோர் சைவத்தை விட்டு வெளியேறவில்லை. தங்களுக்கு மறுக்கப்பட்ட சைவக் கல்வியைத் தாங்களே நிறுவினர். வெளியேறியோருக்கும் விடுதலை கிட்டவில்லை என்பதைக் கே. டானியலின் 'கானல்' (1986) பேசுகிறது. மதமாற்றத்தின் பின்னும் சாதி தேவாலயம் வரை பின்தொடர்கிறது. நாவலின் பெயர் அதன் முடிவையும் சொல்லிவிடுகிறது. இவ்விரு அனுபவங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, சமயம் அங்கே நம்பிக்கையாக மாத்திரம் இயங்கவில்லை, சமூகத் தகுதியை வழங்கும் அலுவலகமாகவும் இயங்கியது என்பது தெளிவாகும். ரகுநாதனின் தன்வரலாற்று நாவலான 'ஒரு பனஞ்சோலைக் கிராமத்தின் எழுச்சி' கல்வியால் நிமிர்ந்த ஒரு சமூகத்தின் கதை. அதிலும் உத்தியோகம் கிடைத்தவுடன் எல்லாம் கிடைத்துவிடவில்லை.

மொழியும் இந்த அலுவலகத்தின் ஒரு கிளை. 1960களின் மரபு பற்றிய விவாதத்தில், பேச்சுவழக்கில் எழுதிய முற்போக்காளரின் ஆக்கங்களை 'இழிசனர் இலக்கியம்' என்று பண்டித மரபினர் சிலர் இகழ்ந்தனர். 'இழிசனர் வழக்கு' என்பது பழைய இலக்கண உரைமரபின் சொல். யாழ்ப்பாணத்தில் அது இலக்கண வகைப்பாடாக நில்லாது மனிதரைச் சுட்டும் சொல்லாயிற்று. தமிழியல் மாநாடுகள் தம் சொந்தத் துறையின் வரலாற்றை எழுதும்போது இவ்வத்தியாயத்தை அடிக்குறிப்பிற்குள் ஒதுக்கிவிடுவது வழக்கம்.

ரொறன்ரோவிற்கு வந்தால், பொருளியல் விளக்கம் தன் முழுச் சோதனையைச் சந்திக்கிறது. 1983இன் பின் வந்த ஈழத்தமிழர் நிலத்தை விட்டு வந்தவர். வெலஸ்லி வீதியை அண்டிய சென் ஜேம்ஸ் ரவுன் மாடிக் கட்டடங்களில் பலர் ஓர் அறையைப் பகிர்ந்து வாழ்ந்தனர். உணவகங்களிற் கோப்பை கழுவினர். தொழிற்சாலைகளில் ஒரே இரவு முறையில் நின்றனர். காணிக்காரரும் குத்தகைக்காரரும் ஒரே மணித்தியாலச் சம்பளத்துக்கு வந்துவிட்டனர். நாற்சார் வீடு இல்லை, படலை இல்லை, பனிக்காலத்தில் நிலவில் இருந்து பேசவும் முடியாது. அடித்தளம் போனால் மேற்கட்டுமானமும் போகும் என்பது விதியானால், சாதி இங்கே ஒரு தலைமுறைக்குள் உதிர்ந்திருக்க வேண்டும்.

ஒரு பகுதி உண்மையிலேயே உதிர்ந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ரொறன்ரோப் பெரும்பாகத்துக் கோயில்களின் வாசலில் யாரும் யாருடைய ஊரையும் கேட்டு உள்ளே விடுவதில்லை. குடிமைத் தொழில்கள் ஒழிந்தன: மரணச் சடங்குக்குரிய பணிகளை மரணச்சாலை ஊழியர் செய்கின்றனர், கலியாண மண்டபத்துக்கு வெள்ளை விரிப்பதற்குக் கட்டாடியாரை யாரும் அழைப்பதில்லை, அலங்கார நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்கின்றனர். கட்டாடி, பரியாரி என்ற சொற்கள் இங்கு பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. இது சிறிய மாற்றமன்று.

தலைவாசல் இடம்மாறியிருக்கிறது. அது இப்போது ஒரு கேள்வியில் இருக்கிறது. "ஊரில எவடம்?" என்று புதிதாக அறிமுகமாகும் ஒருவரிடம் கேட்கப்படுகிறது. ஊரின் பெயர் சொன்னால் கேள்வி முடிவதில்லை. எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம் என்று அது அன்போடு நீளும். யாழ்ப்பாணக் கிராமங்களிற் குறிச்சியும் சாதியும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தமையால் மூன்றாவது விடையில் விடயம் தெரிந்துவிடும். கேட்பவர் உறவு கொண்டாடவே கேட்கிறார். விடை தெரிந்தபின்னும் அவர் முகம் மாறாது. பேச்சு மட்டும் வேறு திசைக்குத் திரும்பும், அன்றைய குளிரைப் பற்றியோ பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ. ரகுநாதனின் கதையை வாசித்த ஒருவருக்கு இந்தத் திரும்புதல் மிகவும் பழக்கமானது.

பணம் தகுதியாக மாறும் வழியும் இங்கே புதுப்பிக்கப்பட்டுள்ளது. ஊரில் திருவிழா உபயங்கள் குடும்பங்களுக்கும் குறிச்சிகளுக்கும் பரம்பரை உரிமையாக இருந்தன. கனடாவில் உபயத்தைப் பணம் செலுத்திப் பெறலாம். இதைச் சனநாயகம் என்று சிலர் வரவேற்கின்றனர். ஓரளவுக்கு அது சரியே. ஆனால் வீடு விற்பனைத் தரகிலோ உணவகத்திலோ ஈட்டிய பணம் தன்னளவிற் பெருமை தருவதில்லை என்பதையும், கோயிலின் வழியே சென்று திரும்பினால்தான் அது பெருமையாகிறது என்பதையும் அதே வழக்கம் காட்டுகிறது. பியர் பூர்தியோ 1979இல் பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தின் இரசனையைக் கொண்டு விளக்கிய இந்த மாற்றுச் சந்தையை, ஸ்காபரோவில் திருவிழாத் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். பரதநாட்டிய அரங்கேற்றமும் அவ்வாறே. பெருஞ்செலவில் நிகழும் அந்த மாலை கலைக்காக மாத்திரமன்று. குடும்பம் எந்தப் படியில் நிற்கிறது என்ற அறிவித்தலும் அதனுள் அடங்கும்.

ஒன்ராறியோ 2014இலும், கனடிய நாடாளுமன்றம் 2016இலும் சனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. எந்த மரபு என்ற வினா அதன்பின் கூர்மை பெற்றது. பறையை எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் மரண வீட்டுக்குப் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டோருக்கு, அதைக் கைவிடுதல் விடுதலையின் ஒரு படியாக இருந்தது. இன்று புலம்பெயர் மேடைகளில் அது தமிழரின் தொன்மை வாத்தியமாகத் திரும்பியிருக்கிறது. அடிக்கவேண்டிய கட்டாயம் ஒருபோதும் இல்லாதிருந்த குடும்பத்துப் பிள்ளை அதைப் பெருமையோடு அடிக்கலாம். கட்டாயத்தின் நினைவுள்ள குடும்பத்துப் பெற்றோருக்கு அந்த மேடை அவ்வளவு எளிதன்று. ஒரே வாத்தியம் ஒரு வீட்டில் பண்பாட்டுச் செல்வமாகவும் அடுத்த வீட்டில் ஆறாத காயமாகவும் இருப்பதை எந்த வருமானப் புள்ளிவிபரமும் காட்டாது.

2023 மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை, பாடசாலைகளிற் சாதிப் பாகுபாடு உண்டென ஏற்று, அதனைக் கையாளும் வழிமுறைக்காக ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் உதவியை நாடியது. அத்தீர்மானத்தை முன்வைத்த உறுப்பினர் யாழினி ராஜகுலசிங்கம் ஒரு தமிழர் என்பது வரலாற்றிற் பதியத்தக்கது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆணைக்குழு தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. சாதி என்ற தனிப் பிரிவு ஒன்ராறியோச் சட்டத்தில் இல்லை. வம்சாவளி, சமய நம்பிக்கை, இனம், பிறப்பிடம் போன்ற பிரிவுகளின் ஊடே அதனைக் கையாளலாம் என்பது அந்நிலைப்பாடு. வர்க்கம் அச்சட்டத்தில் ஒரு காரணமாகவே இல்லை. அரை நூற்றாண்டாக ஈழத்து இடதுசாரித் திறனாய்வு சாதியை வர்க்கத்தினுள் அடக்கப் பாடுபட்டது. கனடியச் சட்டம் அதனைச் சமயத்தினதும் வம்சத்தினதும் பக்கத்திற் சென்று தேடுகிறது. இவ்விடயத்திற் சட்டத்தரணிகளின் உள்ளுணர்வு 'கந்தன் கருணை' ஆசிரியரின் உள்ளுணர்வோடு ஒத்துப்போகிறது.

ஆயினும் அச்சட்டம் சேவை, வதிவிடம், வேலை, ஒப்பந்தம், தொழிற்சங்க உறுப்புரிமை ஆகிய ஐந்து துறைகளுக்குள்ளேயே செல்லுபடியாகும். 'நிலவிலே பேசுவோம்' கதையில் வரும் வீட்டுக்காரர் இவற்றுள் எதனையும் மறுக்கவில்லை. வந்தவர்களோடு அவர் அமர்ந்து பேசுகிறார். அவர்களுடைய காரியத்துக்கு உதவவும் கூடும். கதையைப் போலித்தனத்தின் கதையாக வாசித்த விமர்சனம், அறுபது ஆண்டுகளாக அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நிலவில் அமர்த்தப்பட்டவர்கள் அந்த அழைப்பை எவ்வாறு விளங்கிக்கொண்டனர், வீடு திரும்பும் வழியில் தமக்குள் என்ன பேசினர் என்பதை அது கேட்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் வாழ்கின்றனர். தமிழ் வகுப்பிற் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவருடன் அவர்களுடைய திருமணப் பேச்சு எழும்போது, இரு வீட்டாரும் ஒருவரையொருவர் மிகவும் மதிப்பதாகச் சொல்லி, சாதகம் பொருந்தவில்லை என்று முடித்துக்கொள்கின்றனர்.